ஓவியம், நாடகம், சினிமா, ஊடகம் கற்பிக்க இணையத்தில் எதை, எங்கே தேடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பள்ளிகளில் ஓவியமும் இசையும் நாடகமும் சொல்லித்தருபவர்கள், கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) எடுப்பவர்கள் என்று பலரும் பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் ஓவிய ஆசிரியைதான். பதில்களில் பெரும்பாலானவை என் வகுப்பில் செய்து பார்த்தவை.

கூகுளில் தேடினால் ஆயிரம் வருகிறது, ஒன்றும் வகுப்புக்கு உதவவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு துண்டுத் தாளிலிருந்து தொடங்குங்கள். 40 நிமிடப் பாடவேளையில் பிள்ளைகள் எதைப் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டுக் கையால் என்ன செய்யப் போகிறார்கள், அதற்கு என்ன சாமான் வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் நீங்கள் தேட வேண்டியது ஒரு படமாகவோ இரண்டு நிமிட வீடியோவாகவோ சுருங்கியிருக்கும்.

'ஏழாம் வகுப்பு ஓவியப் பாடம்' என்று தேடினால் வண்ணம் தீட்டும் தாள்களும் விளம்பரங்களும்தான் வந்து கொட்டும். தோல்பாவையின் கை எத்தனை துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தேடினால் ஒரு பாவையின் தெளிவான படம் போதும். அதைப் பார்த்து மாணவர்கள் பழைய காலண்டர் அட்டையில் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனியாக வெட்டி, நூல் முடிந்து, டார்ச் வெளிச்சத்தில் சுவரில் ஆட்டிப் பார்ப்பார்கள். மூட்டு எங்கே தளர்வாக இருக்க வேண்டும் என்பது அப்போது அவர்கள் கைக்கே தெரிந்துவிடும்.

ஐம்பது லிங்க் சேர்த்து வைத்திருக்கும் ஆசிரியர்களைத் தெரியும். வகுப்பில் அவற்றைத் திறக்க அவர்களுக்கு நேரம் வாய்த்ததே இல்லை. ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடத்துபவரின் பிள்ளைகள்தான் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. கீழே வரும் பதில்களில் பாதி அந்த நம்பிக்கையில் எழுதியவை.

தமிழில் தேடினால் எதுவுமே வருவதில்லையே?

இருக்கிறது, ஆனால் ஒளிந்திருக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறையில் தட்டச்சு செய்தார்கள். அந்தப் பக்கங்கள் தேடுபொறிக்குத் தமிழாகவே தெரியாது. ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களும் அப்படித்தான். பக்கம் படமாக இருக்கும், எழுத்தாக இருக்காது. அதனால் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடாமல் புத்தகத்தின் தலைப்பையோ எழுதியவர் பெயரையோ தேடுங்கள். கிடைத்த ஸ்கேன் பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். தமிழுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது; ஒற்றெழுத்துகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஆங்கில எழுத்துக்கூட்டல். தெருக்கூத்தை நாளிதழ்கள் ஒரு விதமாக எழுதும்: டி, ஹெச் போட்டுத் தொடங்கி, 'கூ'வுக்கு இரண்டு ஓ போடும். ஆய்வாளர்கள் ஹெச்சை விட்டுவிட்டு, கே இரண்டு, டி இரண்டு போட்டு, 'கூ'வுக்கு யூ எழுதுவார்கள். இரண்டையும் தேடிப் பாருங்கள், முற்றிலும் வேறு வேறு உலகங்கள் திறக்கும். முதலாவதில் செய்தியும் வீடியோவும், இரண்டாவதில் ஆய்வுக் கட்டுரைகளும் வரும்.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கைகொடுத்த வழி, அந்தக் கலையைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசும் சொல்லைத் தேடுவது. 'தெருக்கூத்து' என்று தேடினால் எல்லாரும் எழுதிய பொதுவான அறிமுகம்தான் முதலில் வரும். 'கட்டியங்காரன்' (கூத்தின் கோமாளி) என்றோ 'முகவீணை' (கூத்தில் ஊதும் குழல் கருவி) என்றோ தேடினால் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதியது வரும். அந்தச் சொல் தெரியாவிட்டால் மாணவர்களின் வீட்டில் கேளுங்கள். சென்னையில் எந்த வகுப்பிலும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் தாத்தா ஒருவர் நிச்சயம் இருப்பார்.

தமிழில் நம்பி எடுக்கக்கூடிய இடங்களைச் சொல்லுங்களேன்.

கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலில். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், பழைய இதழ்கள் எல்லாம் இலவசம். இலக்கியப் பிரதி எழுத்து வடிவில் வேண்டுமென்றால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிமூலமும் இருக்கின்றன. நாடக வகுப்பில் வசனம் பிரித்துக் கொடுக்க, வெட்டி ஒட்டக்கூடிய எழுத்து வடிவம் மிகவும் உதவும்.

ஊடக வகுப்புக்கு நான் முதலில் சொல்வது பாரி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய, கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் தளம் இது. பல கட்டுரைகள் தமிழிலும் இருக்கின்றன. ஒரே கட்டுரைக்குள் எழுத்து, புகைப்படம், சில நேரம் ஒலியும் வீடியோவும் இருப்பதால் 'இந்த விஷயத்தை ஏன் படமாகச் சொன்னார்கள், ஏன் எழுத்தாகச் சொல்லவில்லை' என்று கேட்க முடியும். நான் செய்வது இதுதான்: ஒரு கட்டுரையின் படங்களை மட்டும் அச்சிட்டு, படவிளக்கத்தை மறைத்துக் கொடுத்துவிடுவேன். மாணவர்கள் ஆளுக்கொரு விளக்கம் எழுதுவார்கள். பிறகு உண்மையான விளக்கத்தைப் படித்துக் காட்டினால் வகுப்பே சில நொடி அமைதியாகிவிடும். 'கூலி வேலை செய்யும் பெண்' என்று எழுதியவர்களுக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரிகிறது.

கலைகளைப் பற்றிய நிதானமான கட்டுரைகளுக்கு சகாபீடியா. அங்கே பெரும்பாலும் ஆங்கிலம்தான், படித்துவிட்டு நீங்கள் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரிதாக்கினாலும் உடையாத நல்ல படங்கள் எங்கே கிடைக்கும்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எல்லாரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. சிகாகோ கலை நிறுவனமும் ஸ்மித்சோனியனும் அதே வழியில் வந்தன. மெட்ரோபாலிட்டன் தொகுப்பில் நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. 11-ஆம் நூற்றாண்டு நடராசர் படத்தை இறக்கிப் பெரிதாக்கினால் தூக்கிய பாதத்தின் வளைவுவரை பார்க்கலாம்.

அந்தப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். நியூயார்க்கில் உள்ளவரைச் சுற்றித் தீச்சுடர்களோடு திருவாசி என்ற வளையம் உண்டு. எழும்பூரில் உள்ளவருக்குத் திருவாசி இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிக்கோட்டை மட்டும் வரையச் சொல்லுங்கள். வளையம் இருக்கும்போது கண் உள்ளேயே சுற்றுகிறது, இல்லாதபோது கையும் காலும் வெளியே பாய்கின்றன. என் வகுப்பில் இதைச் சொன்னது பதின்மூன்று வயதுப் பையன். நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

இந்தச் சென்னைத் திருமேனிகளின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சிவதாண்டவம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-இல், அது வெளிவந்தது. அவர் கையிலும் இருந்தது புகைப்படம் மட்டும்தான். படம்தானே என்று தயங்கும் ஆசிரியர்களிடம் இதைச் சொல்வேன். நமக்கோ படத்தை வரைந்த கையோடு பஸ் ஏறிப் போய்த் திருமேனியையே பார்க்கும் வசதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் கவனியுங்கள்.

வடிவமைப்பு சொல்லித்தர நம் ஊர்ப் பொருள் ஏதாவது?

கோலம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி 1970-களில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கோலத்தைக் கணினிக்கான ஓர் இலக்கணமாக ஆராய்ந்தார். புள்ளியைச் சுற்றும் கோட்டைச் சில அடிப்படை அசைவுகளாகப் பிரிக்கலாம், அந்த அசைவுகளை வரிசையாகச் சொன்னால் கோலம் வந்துவிடும் என்பது அதன் சாரம். அவருடைய எழுத்துகள் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், கணிதமும் கொஞ்சம் வரும். ஆனால் படங்களைப் பார்த்தாலே ஓவிய ஆசிரியர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

வகுப்பில் இப்படித் தொடங்கலாம். நேர்ப்புள்ளியாக மூன்றுக்கு மூன்று வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்படி சிக்குக் கோலம் போட்டால் மூன்று தனித்தனிக் கோடுகள் வரும். அதே விதியில் மூன்றுக்கு நான்கு வைத்தால் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஏன் என்று கேளுங்கள், பதில் சொல்லாதீர்கள். இரண்டுக்கு நான்கு, நான்குக்கு ஆறு என்று அவர்களே போட்டுப் பார்த்து, இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் கோடுகளின் எண்ணிக்கை என்று ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். கணக்கு டீச்சரையும் அன்று வகுப்புக்கு அழைத்துவிடுங்கள்.

சினிமாக் காட்சியை வைத்துப் பாடம் நடத்த எது நல்லது?

உங்கள் போனில் இருக்கும் பாஸ் பட்டன். ஒரு நிமிடக் காட்சி எடுத்துக்கொண்டு, ஷாட் மாறும் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். முதல் முறை ஐந்தாறு தட்டுதான் விழும். சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் இருபதாகிவிடும். ஷாட் மாறும் வெட்டை மறைப்பது ஒலி என்று அதற்கப்புறம் நீங்கள் விளக்கவே தேவையில்லை.

கொஞ்சம் ஆழமாகப் போக விரும்பினால் இந்தியன்சினிமா என்ற ஆவணத் தளம் இருக்கிறது. முகவரியில் 'சினி'க்கும் 'மா'வுக்கும் இடையே ஒரு புள்ளி வரும். பழைய படங்கள் பல முழுதாகவே இருக்கின்றன. படத்தின் அடியில் ஓடும் நீளப் பட்டையில் காட்சிகள் வரிசையாகத் தெரிவதால், எங்கே ஷாட்டுகள் நீளமாகவும் எங்கே படபடவென்றும் ஓடுகின்றன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விஸ்காம் மாணவர்கள் இதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

வகுப்பில் படம் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு நல்ல இடம் கொடுக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது. கல்வி நிறுவனத்தின் நிகழ்வில் படமோ பாடலோ போடுவதும், பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், அந்த நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை, மீறல் ஆகாது.

வட்டத்தைத் தாண்டினால்தான் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆண்டு விழா நடனத்தை சினிமாப் பாட்டோடு அப்படியே யூடியூபில் ஏற்றினார்கள். சில நாட்களில் வீடியோவில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. மூன்று மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு மனசே ஆறவில்லை. பொதுவில் வெளியிடப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே மாணவர்களையே வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள், அல்லது படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் உள்ள இசையை எடுங்கள். யூடியூப் தேடலின் வடிகட்டியில் அந்த உரிமத்துக்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. மழை, ரயில், சந்தை இரைச்சல் போன்ற ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட் தளம். அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறு, படித்துவிட்டு இறக்குங்கள்.

எழுத்துப் படைப்புக்குக் காப்புரிமை, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை. நாட்டுடைமை ஆனவற்றுக்கு அந்தக் காத்திருப்பும் வேண்டாம்.

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

யுனெஸ்கோ ஆசிரியர்களுக்கென்று ஊடகக் கல்விப் பாடத்திட்டம் ஒன்றை 2011-இல் வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தது. இணையத்தில் இலவசம். நீளமானது, வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னைப் பிள்ளைகளுக்கு முதலை போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸப்பில் பரவியது. பண்ணையே மறுத்தது, அது வெறும் வதந்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் அருகே ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தது. அது உண்மை. சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் வாழ்கின்றன என்று அரசுத் தரப்பிலும் சொன்னார்கள். 2015-ஐ நினைவில் வைத்திருந்த பலர் இதையும் பொய் என்றே சொன்னார்கள்.

இந்த இரண்டையும் வைத்து ஒரு பாடவேளை நடத்துங்கள். 'எதையும் நம்பாதே' என்று சொல்லித்தருவது எளிது, அதனால் பயனில்லை. யார் எடுத்தது, எப்போது, எந்த இடம், அந்த இடத்து ஆள் யாராவது உறுதிசெய்தாரா என்று கேட்டுக் கேட்டுப் போகும் பழக்கம்தான் வேண்டும். படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று பார்க்க கூகுள் லென்ஸும் டின்ஐயும் உதவும்.

மென்பொருள் வாங்கப் பள்ளியில் பணமில்லை.

வாங்க வேண்டாம். படத்துக்கு கிம்ப், கிரிட்டா, வெக்டருக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி, அனிமேஷனுக்கு பிளெண்டர், எடிட்டிங்குக்கு கேடென்லைவ். எல்லாமே இலவசம், சட்டப்படியே. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குச் சிறு சிறு வீடியோப் பாடங்கள் இருக்கின்றன, பல தமிழிலேயே பேசுகின்றன. திரையின் ஒரு பாதியில் பாடம், மறுபாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் செய்துகொண்டே போக வேண்டும். சும்மா பார்த்தால் ஒன்றும் ஒட்டாது.

தமிழ் எழுத்துருவுக்கு கூகுள் ஃபாண்ட்ஸ். மீரா இனிமை, கவிவனார், பவனம், முக்த மலர் என்று போஸ்டருக்கு ஏற்றவை கிடைக்கும், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வகுப்பில் நெட் கிடைப்பதில்லை. இருப்பது என் போன் ஒன்றுதான்.

வீட்டில் இறக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். அரசின் திக்ஷா கல்விச் செயலியில் பாடங்களை இறக்கி நெட் இல்லாமல் பார்க்கலாம். நம் பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகள் அங்கேதான் கொண்டுபோகும். விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது.

உண்மையில் ஒரு ஏ3 வண்ண அச்சு பல நேரம் ஸ்மார்ட் போர்டைவிட நன்றாக வேலை செய்யும். கையில் வாங்கிப் பார்க்கலாம், விரல் வைத்துக் காட்டலாம், மின்சாரம் போனாலும் இருக்கும்.

ஆசிரியர்கள் நாங்களே படிக்க, சான்றிதழோடு?

ஸ்வயம், என்பிடெல் என்ற அரசு இணையப் படிப்புத் தளங்கள். படிப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. கதை சொல்லவும் அனிமேஷனும் கற்க கான் அகாடமியில் பிக்ஸார் அனிமேஷன் பட நிறுவனத்தோடு சேர்ந்து செய்த இலவசப் பாடங்கள் அருமையானவை. சான்றிதழ் கிடைக்காது, பரவாயில்லை.

ஏஐ போடும் படங்களை வகுப்பில் பயன்படுத்தலாமா?

சோதித்துப் பார்க்கும் பொருளாகப் பயன்படுத்துங்கள். ஏஐயிடம் ஒரு சிக்குக் கோலம் போடச் சொல்லி, அதன் கோட்டை விரலால் பின்தொடர மாணவர்களிடம் சொன்னேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. கோடு நடுவிலேயே அறுந்து போயிருந்தது, சில புள்ளிகளை யாருமே சுற்றவில்லை. மூன்றாவது நிமிடத்தில் மாணவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கையால் போட்டுப் பழகியிருந்ததால்தான் அது முடிந்தது.

இணையத்தில் கிடைக்கவே கிடைக்காததை எங்கே தேடுவது?

சென்னையில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாக்கியம். கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது, அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994-இல் தொடங்கியது. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். போகும் முன் இணையத்தில் பட்டியலைப் பார்த்து, எந்த ஆண்டு, எந்த வகை என்று குறித்துக்கொண்டு போனால் நூலகரின் உதவி முழுதாகக் கிடைக்கும்.

பாட்டுப் புத்தகத்தை மாணவர்களுக்கு அவசியம் காட்டுங்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்றது. மெல்லிய தாள், முன்னட்டையில் நடிகர்கள், உள்ளே கதைச்சுருக்கம். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்ததும் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்த என் மாணவர்கள், போனில் எடுத்த மூன்று நிமிடப் படத்துக்குத் தாங்களே எட்டுப் பக்கத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் செய்தார்கள். அட்டை எழுத்தைவிடக் கதையை எந்த வரியில் நிறுத்துவது என்பதற்குத்தான் நேரம் அதிகம் எடுத்தது. இரண்டு பாடவேளை முழுக்க அதற்காகச் சண்டை போட்டார்கள்.